ரெண்டு நிமிஷ வேலை

வைகாசி மாதத்து மத்தியானம் ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல் கருத்தக்கண்ணன் வடக்கேயிருந்து வந்து சேர்ந்தான். அவன் மனைவி அன்னக்கொடி அப்போது மதுரை வில்லாபுரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் பழைய சேலைகளை விரித்து அப்பளம் காயப் போட்டிருந்தாள். அவனியாபுரம் பக்கம் மேகம் கூடிக்கொண்டு வந்தது. பாதி காய்ந்த அப்பளத்தில் நாலு தூறல் விழுந்தாலும் போச்சு. உளுந்து மாவை உலக்கை போட்டு இடித்து, உருட்டி, தேய்த்த பாடெல்லாம் கூழாகிவிடும். பக்கத்து வீட்டு லத்தீபாவும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சேலையைத் தூக்கும்போது வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது.

"அன்னம், அங்க பாரு, உன் வீட்டுக்காரரு!" என்றாள் லத்தீபா. "போ, போ. இத நான் பாத்துக்கிறேன்."

அன்னக்கொடிக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் இரண்டு முறை தரித்து, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயின. இதுதான் தங்கியிருக்கிறது. சேதி அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வந்ததும் ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான் என்று நினைத்திருந்தாள். அவனோ வாசலிலேயே நின்று அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாருக்கியா?" என்று கேட்டான். துணி மாற்றக்கூட உள்ளே வராமல் அடிபம்புக்குப் போய் வெகுநேரம் குளித்தான்.

கருத்தக்கண்ணன் வெல்டர். வில்லாபுரத்து லேத் பட்டறை ஒன்றில் கிரில் அடித்துக்கொண்டிருந்தவனைப் பேயாண்டி மேஸ்திரிதான் போன ஆவணியில் வடக்கே அழைத்துப் போனார். ஏதோ இந்தி பேசுகிற ஊர். அங்கே அணுவிலிருந்து கரண்ட் எடுக்கிற நிலையம் இருக்கிறது, அதில் குழாய் வேலை. இடையில் பொங்கலுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். அந்தப் பொங்கலில் தரித்ததுதான் இந்தப் பிள்ளை.

அன்று சாயங்காலம் அன்னக்கொடியின் அண்ணன் காளை, பெண்டாட்டி ஒச்சாயியைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்க்க வந்தான். காளைக்கு நூல் மில்லில் வேலை. அந்தக் கோடையில் கரண்ட் வெட்டு. மில் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. உறைக்கிற கருவாட்டுக் குழம்பும், கத்தரிக்காய்ப் பொரியலும், லத்தீபா கொடுத்தனுப்பிய பொரித்த அப்பளமுமாக எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிம்னி விளக்கைச் சுற்றி ஈசல் பறந்தது.

"தெக்க கூடங்குளத்துல பெருசா ஒண்ணு கட்டப் போறாய்ங்களாம்ல மாப்ள?" என்றான் காளை. "ரஷ்யாக்காரன்கூட ஒப்பந்தம் போட்டாச்சாம். அது மட்டும் வந்துட்டா இந்த இருட்டுல உக்காந்து சோத்தத் தடவித் தடவித் திங்க வேண்டியதில்ல."

"அதே ரஷ்யாவுலதான மூணு வருசத்துக்கு முன்னாடி இது மாதிரி ஒண்ணு வெடிச்சுச்சு?" என்றாள் ஒச்சாயி.

"நீ எந்தக் காலத்துல பேப்பர் படிச்ச? மாப்ள, நீ சொல்லு. அம்புட்டு பயமா அது?"

கருத்தக்கண்ணன் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

"பயமென்ன பயம்? அங்க ஒரு வேலை பாத்தேன் மச்சான், ஒலகத்துல எவனும் பாத்திருக்க மாட்டான். ஒரு ரூமு. அதுக்குள்ள பெரிய குழாய் ஒண்ணு, அதுல வரிசையா போல்ட்டு. அதக் கழட்டணும். எங்காளுக முப்பது நாப்பது பேரு வெளிய வரிசை கட்டி நிப்போம். ஒருத்தன் உள்ள ஓடுவான், ஸ்பேனரப் போட்டு நாலு திருகு திருகுவான், ரெண்டு நிமிசத்துல விசிலு ஊதிருவாய்ங்க. வெளிய ஓடியாந்துரணும். அடுத்தவன் ஓடுவான். அம்புட்டுத்தான், அன்னைக்கு வேலை முடிஞ்சுச்சு. குளிச்சிட்டு, சோறு தின்னுட்டுப் படுத்துக்கிற வேண்டியதுதான்."

"ரெண்டு நிமிச வேலையா!" காளை வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் கேட்டான். "நாங்க எட்டு மணி நேரம் பஞ்சத் தின்னுக்கிட்டு நிக்கிறோம்."

அன்னக்கொடி குழம்பு ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். ஒரு போல்ட்டைக் கழற்ற ஒருவன் போதாதா? எதற்காக நாற்பது பேர்? எதற்காக ஓட வேண்டும்? மாவு இடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் எந்த வேலையையும் முழுசாக முடித்தே பழகியவள் அவள். ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரு மனுஷனை உள்ளே விடாத அறைக்குள் என்னதான் இருக்கும்?

"ஏங்க, அந்த ரூமுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் ரூமுதான். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது."

"அப்பறம் எதுக்கு ஓடணும்?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"பொங்கலுக்கு வந்தீங்கள்ல. அந்த வேலை அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி, பின்னாடி. மாசி மாசம்" என்றான் அவசரமாக.

அதன் பிறகு காளை மில் கதையைப் பேசினான்.

மறுவாரம் அப்பளக் கட்டுகளைக் கீழமாசி வீதி மளிகைக் கடைக்குக் கொண்டுபோன அன்னக்கொடியும் லத்தீபாவும், திரும்பும் வழியில் ரயில்வே ஸ்டேஷன் எதிரே கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். காலேஜ் பிள்ளைகள் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கூடங்குளம் வேண்டாம் என்று துணியில் எழுதியிருந்தது. ஜப்பானில் குண்டு போட்டபோது எடுத்தவை என்று ஒரு பையன் விளக்கிக்கொண்டிருந்தான். முதல் படத்தில் ஊரே இல்லை. அடுத்த படத்தில் ஒரு தாய். அதற்கடுத்ததில் ஒரு பச்சைப் பிள்ளை. அன்னக்கொடி ஒரு கணம்தான் பார்த்தாள்.

"யா அல்லா!" லத்தீபா முக்காட்டால் அவள் கண்ணை மறைத்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "இதெல்லாம் நீ பாக்கவே கூடாதுடி. அது குண்டு, அன்னம். உன் வீட்டுக்காரரு பாத்தது குழாய் வேலை. ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லைன்னா அந்தப் படத்த ஏங்க்கா இங்க மாட்டியிருக்காய்ங்க?"

லத்தீபா அவளைக் கடை நிழலில் உட்காரவைத்தாள். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாள். அன்னக்கொடி இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து மாவு உருட்டும் கை அடிக்கடி வயிற்றுக்குப் போனது. பிள்ளை உதைத்தால் ஒரு பயம், உதைக்காவிட்டால் வேறொரு பயம். உதைப்பது கால்தானா என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்வாள். கருத்தக்கண்ணனோ கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டுப் படுத்தான். உள்ளே புழுக்கம் என்றான். ஆனி மாதம் மழை பெய்த அன்றும் புழுக்கம் என்றான்.

ஆடி பிறந்து காற்று வீசத் தொடங்கிய ஒரு காலையில் பேயாண்டி மேஸ்திரி வந்தார். பேச்சில் இனிப்பு ஒழுகும் மனுஷர். அன்னக்கொடி கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, கருத்தக்கண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"ஐப்பசிக்கு மறுபடி ஆளு கேக்குறாய்ங்கப்பா. உன்னிய மாதிரி பழகின ஆளு வேணுமாம். போன தீவாளிக்கு முன்னாடி பாத்தீகளே, அந்தப் போல்ட்டு வேலை, அது மாதிரித்தான். அன்னைக்கு நீ ஒருத்தன் மட்டும் ரெண்டு தரம் உள்ள போயிட்டு வந்து கெத்தா நின்னேயில்ல? அதிகாரியே உன்னியத் தட்டிக்கொடுத்தாரு."

வெளியே காற்றில் அப்பளங்கள் விளிம்பு தூக்கிப் படபடத்தன. பறக்காமலிருக்க அன்னக்கொடி ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கல்லோடு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி போனபின் எழுந்து உள்ளே வந்தாள்.

"மாசின்னு சொன்னீங்க."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தீவாளிக்கு முன்னாடியே போயிட்டு, பொங்கலுக்கு வந்து... ஏங்க, எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ பயப்படுவேன்னு."

"நான் இப்ப மட்டும் பயப்படலையா?"

கருத்தக்கண்ணன் தரையில் உட்கார்ந்தான். பிறகு பேசியது அவளுக்குப் பழக்கமில்லாத குரல்.

"எனக்கு முன்னாடி நின்ன பீகார்க்காரன் உள்ள போயி பதறிட்டான். ஸ்பேனரப் போட்டுட்டு வந்துட்டான். யாராச்சும் போய் எடுத்துட்டு வாங்கன்னாய்ங்க. ஒருத்தனும் போகல. நாந்தான் போனேன். அப்பறம் என் முறைக்கும் போனேன். பெரிய வீரன்னு நெனப்பு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது, அன்னக்கொடி. பொங்கலுக்கு வந்துட்டுத் திரும்பிப் போனப்பத்தான் கூட வேலை பாக்குற மலையாளத்து ஆளு சொன்னான், உள்ள போயிட்டு வந்தா கொஞ்ச நாளைக்குப் புள்ள உண்டாகக் கூடாதுன்னு அவுக ஊர்ல பேசிக்கிருவாகளாம். மெய்யோ பொய்யோ, யாருக்குத் தெரியும்? மறு மாசமே உங்கிட்டருந்து சேதி வருது, தரிச்சிருக்குன்னு. எல்லாரும் முட்டாயி வாங்கிக் குடுன்னாய்ங்க. குடுத்தேன். குடுத்துட்டுக் கக்கூசுக்குள்ள போயி உக்காந்து அழுதேன்."

"அதான் வெளிய படுக்குறீங்களா?"

"எம்மேல இன்னும் ஒட்டியிருக்குமோ என்னமோ. கிட்ட வந்து அதுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா?"

அன்னக்கொடிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் அது நிற்கவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெளியே நாலைந்து அப்பளங்கள் பறந்துபோய்க் கருவேலஞ் செடியில் மாட்டிக்கொண்டன. லத்தீபா சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். இருவரும் எழவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்ற பிறகு நடுவயது டாக்டரம்மா ஒருவர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார்.

"துடிப்பு நல்லா இருக்கும்மா. வளர்ச்சியும் சரியா இருக்கு. எதுக்கு அழற?"

அன்னக்கொடி திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை.

"படம் பிடிக்கிற மிசின் இருக்காமே டாக்டர்" என்றான் கருத்தக்கண்ணன். "எக்ஸ்ரே. அதுல புள்ள எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியாதா?"

"வயித்துல பிள்ளை இருக்கும்போது எக்ஸ்ரே எடுக்கக் கூடாதுப்பா. அதுவும் கதிர்வீச்சுதானே, பிள்ளைக்கு ஆகாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கருத்தக்கண்ணனின் முகம் வெளிறிப்போனது. ஒரு படம் பிடிக்கிற நேரம்கூட ஆகாதென்றால் ரெண்டு நிமிஷம், அதிலும் இரண்டு தரம்? டாக்டரம்மாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அவன் தோளைத் தொட்டார்.

"நீ உள்ள போனது வேற, பிள்ளை உள்ள இருக்கிறது வேற. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இவளை நல்லா சாப்பிட வை."

"பெரும்பாலும்னா என்ன டாக்டர்?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

டாக்டரம்மா அடுத்தவளைக் கூப்பிட்டார்.

ஆடி கடைசியில் டவுன்ஹாலுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் கூடங்குளம் பற்றி விவாதக் கூட்டம் என்று டீக்கடையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மில்லாட்கள் திட்டத்தை ஆதரித்துப் போவதாகக் காளை சொன்னான். படித்தவர்கள் பேசுவார்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று அன்னக்கொடிக்குத் தோன்றியது. கருத்தக்கண்ணன் வேண்டாமென்றான். அவள் முதலில் கிளம்பி நின்றாள்.

மேடையில் ஒரு பக்கம் ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாட்டுக்கு மின்சாரம் எவ்வளவு வேண்டும், நிலக்கரி எத்தனை காலத்துக்கு வரும் என்று நிதானமாகப் பேசினார். வாழைப்பழத்தில்கூடக் கொஞ்சம் கதிர் இருக்கிறது என்றபோது மில்லாட்கள் கைதட்டினார்கள். மறுபக்கம் ஒரு காலேஜ் வாத்தியார். மீன் செத்து மிதக்கும், கடல் சுடும், ஒன்று வெடித்தால் மதுரை வரைக்கும் காலி என்றார். அதற்கு எதிர்ப்பக்கம் கைதட்டியது. இரண்டு பேரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். அன்னக்கொடி யார் பேசும்போதும் தலையாட்டினாள்.

கேள்வி கேட்கலாம் என்றதும் அவள் எழுந்தாள். வயிற்றோடு எழுந்தவளைப் பார்த்ததும் கூட்டம் அடங்கியது.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு அணுக் கரண்டு எடுக்குற எடத்துல வேலை பாத்தவரு. ரெண்டு நிமிசம்தான் உள்ள போனாரு. ரெண்டு தரம். அதுக்கப்பறம் தரிச்சது இது. இதுக்கு ஏதும் ஆகுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"பயப்படாதேம்மா" என்றார் என்ஜினீயர். "எல்லாம் அளந்துதான் அனுப்புவார்கள். அந்த அளவுக்குள் எந்த ஆபத்தும் கிடையாது."

"யார் வைத்த அளவு?" வாத்தியார் மைக்கை இழுத்தார். "தோழர்களே, இந்தத் தாயைப் பாருங்கள்! நாளை கூடங்குளத்தைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு தாயும் இப்படித்தான் நிற்கப் போகிறாள்!"

"ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்துவது அறிவியலா?"

"உண்மையை மறைப்பதுதான் அறிவியலா?"

மில்லாட்கள் எழுந்தார்கள். காலேஜ் பிள்ளைகளும் எழுந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் முன்னால் ஓடிவந்து, வயிறு தெரியும்படி கொஞ்சம் திரும்பி நில்லுங்கம்மா என்று கேமராவைத் தூக்கினார். அன்னக்கொடி இன்னும் பதிலுக்காக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தக்கண்ணன்தான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளைத் தன் நெஞ்சோடு அணைத்து, முகத்தை மறைத்து வெளியே கூட்டிப் போனான். வடக்கேயிருந்து வந்த பிறகு அவன் அவளைத் தொட்டது அன்றுதான்.

பஸ்ஸில் திரும்பினார்கள். வில்லாபுரத்தில் இறங்கியதும் அவள் சொன்னாள்: "அவுகளுக்கும் தெரியலைங்க."

புரட்டாசி கடைசியில், அடைமழையில், பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. வலியில் கத்தும்போதெல்லாம் அன்னக்கொடி மூடிய கண்ணுக்குள் கயிற்றில் தொங்கிய அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் கேட்ட பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. கூடவே நின்ற லத்தீபா குனிந்து காதில் சொன்னாள்:

"பொண்ணுடி. கண்ணத் தொற. கை இருக்கு, காலு இருக்கு, வெரலெல்லாம் இருக்கு. நான் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டேன். அல்லா காப்பாத்திட்டான்."

அன்னக்கொடி பார்த்தாள். சிவந்த, சுருங்கிய, முழுசான பிள்ளை. துணியை விலக்கித் தானே எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். முதுகையும் காது மடலையும் தடவினாள். பிறகுதான் அழுதாள். கருத்தக்கண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

பேயாண்டி மேஸ்திரி ஐப்பசியில் வந்தபோது கருத்தக்கண்ணன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். பட்டறையில் கிரில் அடிக்கப் போனான். ஆனால் அந்த மாதமே காளையின் மில் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது. மேஸ்திரி அங்கே ஆள் சேர்க்கப் போனார்.

காளை கிளம்புவதாகச் சொல்ல வந்த அன்று கருத்தக்கண்ணன் நடந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னான். பீகார்க்காரன் பதறியதை, தான் அழுததை, எதையும் மறைக்கவில்லை. "வேணாம் மச்சான். வேற ஏதாச்சும் பாப்போம்."

காளை தொட்டிலிலிருந்து மருமகளைத் தூக்கி உயரே பிடித்தான். பிள்ளை கைகாலை உதறியது.

"அடப் போ மாப்ள. நீ ரெண்டு தரம் போயிட்டு வந்தவன். இந்தா, உன் புள்ளைக்கு என்ன கொறை? கெண்டை மீனாட்டம் துள்ளுது! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

ஒச்சாயி அடுப்படிக்கு அன்னக்கொடியைத் தேடி வந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷமாக அவளுக்குப் பிள்ளை இல்லை.

"அன்னக்கொடி, நெசமாச் சொல்லு. புள்ளைக்கு ஒண்ணும் இல்லைல்ல? அப்ப எனக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒன்றும் இல்லை என்று சொன்னால் அண்ணன் போய்விடுவான். குறை இருக்கிறது என்று தன் பிள்ளையைப் பற்றித் தன் வாயாலேயே எப்படிச் சொல்வாள்?

"தெரியல மதினி" என்றாள். "எனக்கு இன்னும் தெரியல."

ஒச்சாயி வழிக்கு முறுக்குச் சுட உளுந்த மாவு கொஞ்சம் கொடு என்று கேட்டு வாங்கிப் போனாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பேயாண்டி மேஸ்திரி சேர்த்த ஆட்கள் ஒரே பெட்டியில் இருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள், மூடிய மில்லின் ஆட்கள், புதுக் கைலியும் டிரங்குப் பெட்டியுமாக இறுகிய முகங்கள்.  ஜன்னல் கம்பிக்குப் பின்னால் காளையின் முகமும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் பேசியவன் இவன்தானா என்றிருந்தது. ஒச்சாயி முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவன் விரலை விடாமல் பிடித்திருந்தாள்.

விசில் ஊதியது.

"அன்னக்கொடி, புள்ளயத் தூக்கிக் காட்டு, ஒரு தரம் பாத்துக்கிறேன்" என்றான் காளை.

அவள் பிள்ளையை ஜன்னலுக்கு நேரே தூக்கினாள். கைகால்களை உதைத்து அது பெரிய பெரிய கண்ணால் ரயிலைப் பார்த்தது.

"ஏப்பா, இங்க பாருங்க" என்று காளை பெட்டிக்குள் திரும்பினான். "எந்தங்கச்சி புள்ள. எங்க மாப்ள அங்க வேலை பாத்துட்டு வந்தப்பறம் பொறந்தது."

ஆட்கள் எழுந்து ஜன்னலுக்கு நெருங்கினார்கள். ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையின் கையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக இளகியது. ஒருவன் சிரித்தான். "நல்லாத்தானய்யா இருக்கு!" என்று இன்னொருவன் சத்தமாகச் சொன்னான். வண்டி அசைந்தது.

அப்போதுதான் அன்னக்கொடிக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. பிள்ளையைச் சட்டென்று இறக்கி மாரோடு சேர்த்துக்கொண்டு, "அண்ணே, பொறுங்க, இன்னும் தெரியாதுண்ணே!" என்று கத்தியபடி வண்டியோடு சேர்ந்து ஓடினாள். பெட்டிக்குள்ளிருந்தவர்கள் சிரித்த முகத்தோடு அவளுக்குக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.